போர்ட் லூயிஸில் மூன்று நாள்: நடந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஊரிலிருந்து மொரீஷியஸ் வருகிறவர்கள் வழக்கமாகக் கடற்கரை ஓட்டலில் இறங்குவார்கள். தலைநகருக்கு ஒதுக்குவது அரை நாள். வேன் கோடான் படகுத்துறைக் கடைகளின் முன்னால் நிற்கும். அழிந்துபோன டோடோ பறவையின் பொம்மை ஒன்று, ஒரு பொட்டலம் வனிலா தேயிலை, நாலு செல்ஃபி. மூன்று மணிக்குள் வேன் கிளம்பிவிடும். பதினோரு வருடமாக ரோஸ்ஹில்லில் குடியிருக்கிறேன். வருகிற உறவுக்காரர்களையெல்லாம் போர்ட் லூயிஸுக்குக் கூட்டிப்போவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அரை நாள் பயணம் வீண். முன்னால் துறைமுகம், முதுகுக்குப் பின்னால் மோக்கா மலைத்தொடர், நடுவில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோயில், மசூதி, தேவாலயம், சீனர் தெரு. அதைவிட முக்கியம், இந்த ஊரில் நம் மொழி வேறொரு மொழிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, நடந்துதான் கேட்க வேண்டும்.

எப்போது வருவது

மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். நம் மார்கழி இங்கே கோடை என்பதை மறந்து பலர் டிசம்பரில் வந்து வியர்த்துப்போகிறார்கள். மலைகள் காற்றை மறைத்துக்கொள்வதால் தீவின் மேட்டுப்பகுதியைவிட போர்ட் லூயிஸ் எப்போதும் ஒரு படி அதிகமாகவே காயும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் காலம். எச்சரிக்கை நாலு நிலைகளாக வரும். மூன்றாம் நிலை வந்துவிட்டால் கடை, பஸ் எல்லாம் நின்றுவிடும், ஓட்டல் அறையை விட்டு நகரக் கூடாது. புயலே இல்லாத பெருமழையும் இங்கே விளையாட்டில்லை. மலைத் தண்ணீர் நேராக நகரத்துக்குள்தான் இறங்கும். 2013 மார்ச் 30 அன்று அப்படி இறங்கிய வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். வானம் கறுத்தால் சுரங்க நடைபாதைகளில் கால் வைக்காதீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, தைப்பூசம் மட்டும் அந்தக் காலத்தில்தான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே அது அரசு விடுமுறை. காவடி பார்க்கவே வருகிறீர்கள் என்றால் புயலுக்குத் துணிந்து வாருங்கள்.

வந்து சேர்வது, தங்குவது, பணம்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம். திரும்பிப்போகும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. போர்ட் லூயிஸுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

போர்ட் லூயிஸில் தங்காதீர்கள். இந்த ஊர் பகல் ஊர். சாயங்காலம் ஐந்து மணிக்கு அலுவலகங்கள் விட்டதும் மொத்த நகரமும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏறி வீட்டுக்குப் போய்விடும். ஏழு மணிக்குத் தெருவில் நாய்களும் காவலாளிகளும்தான் மிச்சம். ரோஸ்ஹில்லிலோ காத்ர் போர்னிலோ அறை எடுங்கள். அங்கிருந்து மெட்ரோ ரயில் நேராக போர்ட் லூயிஸ் விக்டோரியா நிலையத்தில் கொண்டுவந்து விடும். காலையில் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களைப் பார்த்துக்கொண்டே வரலாம், அது ஒரு தனிச் சந்தோஷம்.

2024-லிருந்து யுபிஐ இங்கே செல்லுபடியாகிறது. ஆனால் தெருவோரத் தள்ளுவண்டிக்காரரிடம் போய் ஸ்கேன் பண்ணுகிறேன் என்று நிற்காதீர்கள், சில்லறை வைத்திருங்கள். பணத்தை மாற்றியதும் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆங்கிலம், அடுத்து தமிழ், அடுத்து இந்தி. 1998-ல் வந்த புதிய தாள்களில் இந்த வரிசை மாறி, தமிழ் இந்திக்குக் கீழே போய்விட்டது. இங்குள்ள தமிழர்கள் விடவில்லை, பெரிய போராட்டம் நடந்தது. கடைசியில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியல்வாதி. இங்கே அந்தப் பெயரை ரெங்கநாடென் சீனீவாசென் என்று சொல்வார்கள். ஆறுமுகம் ஆர்மூகம் ஆகும், சின்னையன் சினியென் ஆகும். பெயரைக் கேட்டவுடன் தமிழில் மளமளவென்று பேச ஆரம்பித்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து இங்கே பிறந்த மொழி. ஒரு ‘வணக்கம்’ போதும், முகம் மலரும். அதற்கு மேல் தானாகவே நடக்கும்.

முதல் நாள்: சந்தையும் பதினாறு படிகளும்

எட்டு மணிக்குள் மத்தியச் சந்தைக்குள் நுழைந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சரி.

போன வருடம் மாயவரத்திலிருந்து வந்த என் பெரியம்மாவை இங்கேதான் முதலில் கூட்டிவந்தேன். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் அரைகுறை என்று என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். காய்கறிப் பகுதியில் ஓர் அம்மாள் ஒரு பச்சைக் கட்டைத் தூக்கிக்காட்டி, “கோத்தோமிலி, கோத்தோமிலி!” என்று கூவினார். பெரியம்மா நின்றுவிட்டார். “தம்பி, கொத்தமல்லின்னா சொல்றா?” ஆமாம், கொத்தமல்லிதான். கிரியோல் மொழியில் அதற்கு வேறு சொல்லே இல்லை. பக்கத்தில் இருந்த இலைக்குப் பெயர் ‘காரிபூலே’. கறிவேப்பிலை இரண்டு நூற்றாண்டு வாய் மாறி வாய் மாறி அப்படி ஆகியிருக்கிறது. முருங்கைக்கீரை ‘ப்ரெத் மூரூம்’. பீர்க்கங்காய் ‘பிபாங்காய்’. இதையெல்லாம் விற்றவர் தமிழ் வம்சாவளி இல்லை, வாங்கிக்கொண்டிருந்த சீனப் பாட்டியும் இல்லை. பெரியம்மா என் கையை விட்டுவிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு காயாகத் தூக்கிப் பெயர் கேட்டுக்கொண்டே போனார். பாகற்காய் ‘மார்கோஸ்’ என்றதும் முகத்தில் ஏமாற்றம்.

காலை உணவை ஓட்டலில் முடிக்காமல் வாருங்கள். சந்தையைச் சுற்றியே எல்லாம் கிடைக்கும்.

முதலில் ‘காத்தோ பிமா’. நம் பருப்பு வடையின் தம்பி. பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, வெங்காயத்தாள், கொத்தமல்லி, பச்சை மிளகாய் சேர்த்து, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகளாக எண்ணெயில் போடுவார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிளந்து நாலு உருண்டையை உள்ளே நசுக்கித் தின்பது இங்கே வழக்கம். கேட்கும்போது ஒருமாதிரி இருக்கும், ஒருமுறை தின்று பாருங்கள்.

அடுத்தது ‘டோல் பூரி’. பூரி என்று பெயரே தவிரப் பொரிப்பதில்லை. வெந்த பருப்பைப் பொடியாக்கி மாவுக்குள் வைத்து, துணிபோல மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் வாட்டுவார்கள். போளிக்குள் இனிப்புக்குப் பதில் உப்பும் சீரகமும் இருந்தால் எப்படியோ அப்படி. எப்போதும் இரண்டாகத்தான் தருவார்கள், அதனால் ‘என் பேர்’, அதாவது ஒரு ஜோடி என்று கேட்க வேண்டும். மேலே பெரிய மொச்சைபோன்ற பயறுக் குழம்பு, ‘ருகாய்’ என்கிற தக்காளித் தொக்கு, துவையல். மிளகாய் வேண்டுமா என்று கேட்பார்கள். நாம் காரம் தின்னும் ஜாதி என்ற திமிரில் தலையாட்டிவிடாதீர்கள். கூட்டம் எங்கே நிற்கிறதோ அந்த வண்டியில் நில்லுங்கள், வேறு விதி கிடையாது.

சந்தைக்குள் குளிர்ச்சியாக ‘அலூடா’ குடிக்கலாம். பால், சப்ஜா விதை, கடற்பாசிச் சீவல், வனிலா பாகு. மதுரைக்காரர்கள் ஜிகர்தண்டாவோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள், போடட்டும்.

வயிறு நிறைந்ததும் துறைமுகப் பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் ஆப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடம். அடிமை முறை ஒழியவிருந்த நேரத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரிட்டிஷார் 1834-ல் இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1920 வரை வந்தவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். கல்கத்தா வழியாக வந்தவர்களே அதிகம்; சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் பல்லாயிரம். 2006-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

பெரிய கோட்டைபோல எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மிச்சம் இருப்பது சில சுவர்கள், பழைய குளியல், கழிப்பிட அடையாளங்கள், கடலிலிருந்து ஏறிவரும் 16 கற்படிகள். அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் விளக்க மையத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிகளுக்கு வாருங்கள், வரிசையை மாற்றினால் வெறும் கல்லாகத்தான் தெரியும். அனுமதி இலவசம், ஞாயிறு விடுமுறை. வந்தவர்களின் பதிவேடுகளும் புகைப்படங்களும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் ‘மிரிச்சித் தீவுக்குப் போன தாத்தா’ என்று ஒரு கதை இருந்தால் பெயர், ஊர், வருடம் என்று தெரிந்ததைக் குறித்துக்கொண்டு அங்கே போங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். தமிழர்கள் இந்தப் படிகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து தச்சர்களும் கொத்தனார்களும் வந்தார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. நீர்முகப்புக்கு எதிரே பனைகள் வரிசையாக நிற்கும் பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் மாஹே தெ லா பூர்தொனே என்பவரின் சிலை இருக்கிறது. 1735-ல் ஆளுநராக வந்து இந்தத் துறைமுகத்தைக் கட்டியெழுப்பியவர். சென்னைக்காரர்கள் கொஞ்சம் முறைத்துப் பார்க்கலாம்: 1746-ல் இங்கிருந்து கப்பல்களோடு போய் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவரும் இவரேதான்.

மதிய வெயிலுக்கு இரண்டு அருங்காட்சியகங்கள். ஷோசே தெருவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோவின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனித் தோட்டத்து ஆலமரத்தடியில் உட்காருங்கள். கோடானில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-ல் அச்சான இரண்டு தபால்தலைகள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று மணிக்கு ஒருமுறை சில நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள். நுழையும்போதே அடுத்த முறை எப்போது என்று கேட்டுவிடுங்கள். தபால்தலையில் ஆர்வம் இல்லாதவர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

இரண்டாம் நாள்: கட்டைவிரல் மலை

நகரத்தில் எங்கே நின்று அண்ணாந்தாலும் ஒரு மலை கட்டைவிரலைத் தூக்கிக்காட்டும். பெயரே அதுதான், ‘லெ பூஸ்’, பிரெஞ்சில் கட்டைவிரல். உயரம் 812 மீட்டர். 1836-ல் இங்கே வந்த சார்லஸ் டார்வின் மே மாதம் இதில் ஏறியிருக்கிறார். அவருக்கு அப்போது 27 வயது. நான் முதலில் ஏறியபோது 41, அதனால் ஒப்பிட வேண்டாம்.

எளிய வழி மோக்கா பக்கம். போர்ட் லூயிஸிலிருந்து சென்ட் பியேர் போகும் பாதையில் டாக்சியில் போய், மலையடிப் பாதையின் தொடக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம். வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், திரும்ப அழைத்துப்போகும் நேரத்தையும் சேர்த்து. ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கினால் நல்லது. ஏறி இறங்கி, மேலே உட்கார்ந்து பெருமூச்சு விட மொத்தம் நாலு மணி நேரம்.

முதலில் இரண்டு பக்கமும் கரும்பு. அப்புறம் மரநிழலில் மெதுவான ஏற்றம். மே, ஜூனில் பாதையோரம் சிவப்பாகக் குட்டிக் குட்டிச் சீனக் கொய்யா பழுத்துத் தொங்கும்; உள்ளூர்க்காரர்கள் பையோடு வந்து பறிப்பார்கள், நீங்களும் பறிக்கலாம். காடு முடிந்ததும் ஒரு சமவெளி வரும். அங்கே நின்றால் ஒரே பார்வையில் துறைமுகம், குதிரைப் பந்தய மைதானம், நகரம் முழுக்க. முடியாதவர்கள் இங்கேயே உட்கார்ந்துவிடலாம், வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டைவிரல் மட்டும் செங்குத்து. கையையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும்.

மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள். செம்மண் சோப்புபோல ஆகிவிடும். நான் ஒருமுறை அப்படி இறங்கும்போது சறுக்கி, கிட்டத்தட்ட பத்தடி உட்கார்ந்தபடியே வந்தேன். கால்சட்டை பின்பக்கம் கிழிந்து, இடுப்பில் சட்டையைக் கட்டிக்கொண்டு ரோஸ்ஹில் வரை மெட்ரோவில் நின்றுகொண்டே போனேன். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மேலே கடை கிடையாது.

உச்சியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் பீட்டர் பொத் மலை. 820 மீட்டர். உச்சியில் ஒரு பெரிய பாறை, கழுத்தின் மேல் தலை வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும். ஒரு பால்காரன் மலைமேல் தேவதைகள் ஆடுவதைப் பார்த்தானாம். யாரிடமும் சொல்லாதே என்று அவர்கள் எச்சரித்தும் ஊருக்குள் வந்து உளறிவிட்டானாம். அதனால் கல்லாகிவிட்டான். அந்தத் தலை அவனுடையது என்பார்கள். அதில் ஏறக் கயிறும் வழிகாட்டியும் வேண்டும், நம் பட்டியலில் வேண்டாம்.

பழக்கமானவர்களோடு கூட்டமாகப் போனால் மறுபக்கம் நகரத்துக்குள்ளேயே இறங்கலாம். அந்தப் பாதை முடியும் குடியிருப்பின் பெயர் ‘ட்ராங்க்பார்’. நம் தரங்கம்பாடிதான், டேனிஷ்காரர்கள் வைத்த பெயர் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு டவுன் பஸ்ஸில் போன பெரியம்மாவிடம், மலையிலிருந்து இறங்கினால் தரங்கம்பாடி என்று சொன்னபோது நம்பவே இல்லை. பெயர்ப்பலகையைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

மலை ஏற முடியாதவர்களுக்கு சிக்னல் மலை. 323 மீட்டர், தார் போட்ட பாதை, சாயங்கால நடைக்கு உள்ளூர்க்காரர்களே கூட்டமாக வருவார்கள். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டு இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள்: கைலாசோன், சீனர் தெரு, கோட்டை

காலையில் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் திருக்கோவில். டாக்சிக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். ‘கைலாசோன்’ என்றால் நேராகக் கொண்டுபோய் விடுவார். 19-ஆம் நூற்றாண்டுக் கோயில். நம் ஊர்க் கோயிலைவிட அமைதி, நம் ஊர்க் கோயிலைவிடச் சுத்தம். சொல்லத் தயக்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். தேவாரம் பாடுகிற பிள்ளைகள் சிலர் கையில் இருக்கும் தாளில் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில் இருக்கும். கேலியாகப் பார்க்காதீர்கள். பேச்சு போன பிறகும் பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருவிழா நாளில் அன்னதானத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வாழையிலையில் ஏழு கறியோடு சோறு, கூடவே ரசம். அதற்கு இங்கே பெயர் ‘செத் காரி’. பிரெஞ்சில் ‘செத்’ என்றால் ஏழு. பெரியம்மா பதறிப்போய், “கோயில்ல செத்த கறியா போடுறாங்க?” என்று கேட்டது இன்றுவரை எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோயில் இருக்கும் அதே சென்ட் குருவா பகுதியில், தீவு மக்கள் புனிதராகக் கொண்டாடும் கத்தோலிக்கப் பாதிரியார் லவால் அவர்களின் சமாதி. 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தவர். வருடாவருடம் அந்த நாளுக்கு முந்தின இரவு தீவு முழுவதிலிருந்தும் மக்கள் நடந்தே வருவார்கள். அதில் விபூதி பூசிய நெற்றிகளையும் நிறையப் பார்க்கலாம்.

மதியம் சீனர் தெரு. ‘மின் ஃப்ரீர்’ என்னும் வறுத்த நூடுல்ஸ், ‘போல் ராவெர்செ’ என்னும் கவிழ்த்த கிண்ணச் சோறு, சூப்பில் மிதக்கும் ‘பூலெத்’ உருண்டைகள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம். வெள்ளையாக, கொழுக்கட்டைபோல இருக்கிறதே என்று பெரியம்மா ஓர் உருண்டையைக் கடித்தார். உள்ளே இறால். கடைக்காரர் மேல் தப்பில்லை, நான்தான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரி அவர் வெறும் மோரோடு படுத்தார். ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ என்று கேளுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம். முட்டைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஜும்மா மசூதி. தொழுகை நேரம் தவிர்த்துப் போகலாம். மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் அடிலெய்ட் கோட்டைக்கு ஏறுங்கள். 1834-க்கும் 1840-க்கும் இடையில் பிரிட்டிஷார் கட்டியது. மேலே போய்க் கீழே பார்த்தால் ஷான் தெ மார்ஸ் மைதானம். 1812-ல் குதிரைப் பந்தயம் தொடங்கிய இடம். 1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் பெற்று இந்த நாட்டின் கொடி ஏறியதும் அங்கேதான். பந்தயப் பருவத்தில் சனிக்கிழமை வந்தால் கூச்சல் கோட்டை வரை கேட்கும். டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம், பர்ஸை மட்டும் முன்பக்கப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தயம் கட்டுவது உங்கள் பாடு.

கிளம்பும் முன்

சந்தைக்கு மறுபடி ஒரு நடை போய் ‘மசவாரூ’ வாங்குங்கள், மிளகாயை எண்ணெயில் அரைத்த விழுது. தயிர்ச்சோற்றுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, துணிகளிலிருந்து தள்ளி வையுங்கள். பெரியம்மா ஒரே பையில் சுற்றிப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தார். மாயவரத்தில் பெட்டியைத் திறந்ததும் எனக்குத்தான் முதல் போன் வந்தது.